ஓடையை வளைத்த ஆத்து டொக்டர்

ஊவா மாகாணத்திலேயே தண்ணீருக்கு வைத்தியம் பார்த்த ஒரே டொக்டர் எங்கள் ஆத்து டொக்டர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கலாநிதிப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்தவர். எழுபதுகளில், பதுளைக்கு மேலே நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஓடையை ஆராய வந்தார். 'டொக்டர்' என்று கேள்விப்பட்டு முதல் நாளே பத்துப் பேர் இருமிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"இருமலுக்கு என்னட்டை மருந்தில்லை. வீட்டுக்குள்ளை தண்ணி வந்தால் சொல்லுங்கோ" என்றார்.

அது ஒவ்வொரு ஐப்பசியும் வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த கீழ் லயத்தில் முழங்கால் அளவுக்கு நிற்கும்.

ஓடையின் வேகத்தை அளக்க, மதகடியில் தோடம்பழத்தை மிதக்கவிட்டு, கடிகாரத்தோடு நிற்பார். கீழே பழம் வந்ததும் கையைக் காட்டவேண்டியது கொழுந்து பறிக்கும் லெட்சுமி. ஒருநாள் கை தெரியவேயில்லை. டொக்டர் மூச்சிரைக்க இறங்கி ஓடினார்.

"பழம் வந்ததோ?"

"வந்துச்சுங்க. நல்ல இனிப்பு!"

"எவ்வளவு நேரத்திலை?"

"திங்கவா? ரெண்டு நிமிஷங்கூட ஆகலீங்க."

மறுநாள் தேசிக்காய் கொண்டுவந்தார். அது ஊறுகாயாகிவிட்டது.

எப்படியோ அளந்து முடித்தார். ஓடையின் பழைய வளைவை மூடித்தான் தோட்டத்தை நிர்வகித்த துரையின் டெனிஸ் மைதானம் போட்டிருந்தார்கள். நேராக்கப்பட்ட ஓடை வேகமெடுத்து லயத்துக்குள் பாய்ந்தது. வளைவைத் திறக்கச் சொல்லி டொக்டர் வாரம் ஒரு கடிதம் எழுதினார். துரை அசையவில்லை. தட்டச்சு செய்த என் விரல்கள்தான் தேய்ந்தன.

"விட்டுடுங்க சார், துரை கேக்கமாட்டாரு" என்றேன்.

"தம்பி, அந்தச் சனம் கட்டிலிலை அடுப்பை வைச்சுச் சமைக்கிறதை நீர் பாத்தனீரோ?"

நான் பார்த்ததில்லை. என் குவாட்டர்ஸ் மேட்டில் இருந்தது. அந்த ஐப்பசி மழையில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடுத்த கடிதத்தில் அவர் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். விஷயம் லயத்துக்கு எட்டியது. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் லெட்சுமி கூடையைக் கீழே வைத்தாள்.

"ஓடைய வளைக்கிற வரைக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகமாட்டோம்ங்க."

ஒரு கூடையும் எழவில்லை. மூன்றாம் நாள் துரை இறங்கிவந்து, மைதானத்தை வெட்டி வளைவைத் திறக்கச் சம்மதித்தார். டொக்டர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரோடும் மண் வெட்டினார். கரையெல்லாம் மூங்கில் நட்டார்.

அடுத்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப்போயிருந்த டொக்டர், மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்திறங்கி, லயத்து வாசலில் உள்ளே போகப் பயந்து நின்றார்.

"என்னாங்க, வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க, காலு நனையாது" என்றாள் லெட்சுமி.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுழைந்தார். குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி கொடுத்த தேத்தண்ணீரை அவர் குடித்து முடிக்கும்வரை, கந்தோர் வேலைக்கு நேரமாகியும், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.