சங்கிலி போட்ட சூட்கேஸ்

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயத்தினால் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. பயந்து பயந்தே புறப்பட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரால் உலகத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நான் இரண்டாவது வகை.

எனக்கு லிஃப்ட் பயம். புறா பயம். எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குப் போய் உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போடவேண்டுமென்றால் அம்மாவுக்கு ஃபோன் எடுத்துப் பேசிக்கொண்டேதான் படியிறங்குவேன். (நிலவறையில் சிக்னல் கிடையாது. அங்கே போனதும் அம்மாவின் பங்கையும் நானே சேர்த்துப் பேசுவேன்.)

இப்படிப்பட்டவள், முப்பது வயது நெருங்கிய ஒரு மாசி மாதத்தில், தன்னந்தனியாக ரயிலேறி மத்தியதரைக் கடலோரமாகப் போய்வருவதென்று முடிவெடுத்தேன். இத்தாலியில் ஜெனோவாவில் தொடங்கி, கரையை ஒட்டியே ஓடும் ரயிலில் ஊர் ஊராக இறங்கி, பிரான்ஸில் நீஸ் வரைக்கும். சில நாட்கள்தான்.

ஏன் என்று கேட்டால், ஜெர்மனியில் வுப்பர்டாலில் வளர்ந்த எங்களுக்கு வெளிநாடு என்றாலே கலியாணவீடு. பாரிஸ் என்றால் மாமாவின் மகளின் கலியாணம். லண்டன் என்றால் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. வாடகை வான் வண்டியில் ஆறு பேர் ஏறி, மண்டபத்தைப் பார்த்துவிட்டு, அதே வானில் திரும்பி வருவோம். ஈபிள் கோபுரத்தை நான் இதுவரை வானின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். “நீ ஆற்றை பிள்ளை?” என்று கேட்டு, நான் யாருடைய மகள் என்று விசாரிக்க ஆளில்லாத ஓர் ஊரில் ஒரு முறையாவது நடந்து பார்க்க ஆசையாக இருந்தது.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் பயத்தினால்தான். கோடையில் கடற்கரை ஊர்களில் கூட்டம் நெரியும். கூட்டத்தில் பிக்பாக்கெட்காரர்கள் இருப்பார்கள். மாசியில் கூட்டம் இருக்காது. இந்த யோசனையில் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஓர் இரவு பல் விளக்கும்போது, கூட்டம் இல்லையென்றால் நான் கத்தினாலும் கேட்க ஆள் இருக்காதே என்று தோன்றியது. அதற்குள் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன்.

“கடல் பாக்கோணுமெண்டால் ஹொலண்ட் கிடக்குத்தானே? காலமை போய்ப் பின்னேரம் வரலாம்.”

“அது வேறை கடல் அம்மா.”

“எல்லாத்திலையும் உப்புத்தண்ணிதான். ஏன், கூட ஒருத்தரும் வரேல்லையோ?”

“இல்லை. தனியத்தான் போறன்.”

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். என் வயதுக்கும் குறைந்த வயதில் அவர் ஊரில் சண்டை நடந்த காலத்தில், களவாக ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி, பாஷை தெரியாமல், ரயில் மாறி ரயில் மாறி இந்த நாட்டுக்கு வந்தவர். ஒவ்வோர் எல்லையிலும் சீருடையைக் கண்டால் கழிவறைக்குள் போய் ஒளிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் அம்மாவின் கை நடுங்கும், கையில் மாதாந்த அட்டை இருந்தாலும்.

“நான் தனியா ரயிலிலை வந்தது எங்கட குடும்பத்துக்குப் போதும்,” என்றார். “நீ திரும்பவும் ஏன்?”

அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. பயணப் பையைத் தயார் செய்வதில் மட்டும் தீவிரமாக இறங்கினார். ஆக, பயந்தவள் ஒருத்தி என்ற நிலைமாறி, பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பயணத்தைத் திட்டமிடத் தொடங்கினோம்.

இணையத்தில் பயணிகள் எழுதியவற்றையெல்லாம் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. ஒருவருடைய சூட்கேஸை அவர் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். இன்னொருவருடைய ஹோட்டல் அறைக்கதவை யாரோ திறக்கப் பார்த்தார்களாம். முதலாவதற்கு நான் கடையில் ஒரு சங்கிலி வாங்கினேன். சைக்கிளைப் பூட்டுகிற தடித்த சங்கிலி. இரண்டாவதற்கு என் அண்ணா சுதன் ஒரு பரிசு கொண்டுவந்தான். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு ஊசி. ஊசியில் ஒரு கயிறு.

“இது கதவு அலாரம். கயிற்றைக் கதவுப்பிடியிலை கொழுவிவிடு. ஆரும் திறந்தால் ஊசி கழரும். கழண்டால் ஊரே எழும்பும்.”

“ஒருக்கா அடிச்சுக் காட்டன்?”

“விசரே? பக்கத்து வீட்டு மனுசி பொலிசுக்கு ஃபோன் அடிக்கும்.”

அதனால் அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. (இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் காது கேட்கும் கருவி பொருத்துகிற கடையில் வேலை பார்ப்பவள். அதற்கென்றே மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தவள். சத்தங்களைப் பிரித்தறிவதுதான் எனக்குச் சோறு போடுகிறது.)

புறப்படும் காலையில் அம்மா என் ஊதா நிற சூட்கேஸின் முன்பக்கத்தில் திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் பட்டை போட்டுவிட்டார். காய்ந்ததும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கும் பூசிவிட வந்தார். நான் நவீனமான பெண் என்பதால் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திட்டம் இதுதான்: வுப்பர்டாலிலிருந்து ஸ்டுட்கார்ட், அங்கே மாறி சூரிச், பிறகு மிலான், பிறகு கடல். ரயிலில் ஏறியதும் பெட்டியின் கடைசியில் இருந்த சாமான் தட்டில் சூட்கேஸை ஏற்றி, தட்டின் கம்பியோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டினேன். அந்தத் தட்டுக்குப் பக்கத்து இருக்கையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஓர் இளைஞர் உட்கார்ந்து லாப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் போலத்தான் இருந்தது. பேச்சுக் கொடுக்கப் பயம். பெட்டியின் மறுகோடியில் போய் உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து பயந்துகொண்டே இருந்ததில் களைத்துப்போனேன். ஸ்டுட்கார்ட்டை நெருங்கும்போது ஒரு தேநீராவது குடிப்போமென்று உணவுப் பெட்டிக்குப் போனேன். கோப்பையைக் கையில் எடுத்த நேரம்தான் அது தொடங்கியது.

அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு பன்றியும் ஒரு விசிலும் ஒரே நேரத்தில் மிதிபட்டால் எழும் சத்தம் அது. நிற்கவேயில்லை. ரயில் குலுங்கி மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் இருந்த பெட்டியின் பக்கமிருந்து ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். வாழ்நாள் முழுக்க எதற்காகப் பயந்தேனோ அது வந்தேவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தது.

நடத்துநர் பெண் ஒருவர் அவசரமாக வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்கே போகாதீர்கள்! எரிகிற மணமும் வருகிறது!” என்று ஜெர்மனில் கத்தினேன்.

(எரிகிற மணம் வந்தது உண்மைதான். என் முதுகுக்குப் பின்னால் யாருக்கோ பாணை டோஸ்ட் போட்டு வாட்டிக்கொண்டிருந்தார்கள்.)

எரிகிற மணம் என்ற வார்த்தை அந்தப் பெண்ணின் முகத்தை மாற்றிவிட்டது. ரயில் நின்றதும் எல்லாரையும் இறக்கினார்கள். இறங்கியவர்களில் முதல் ஆள் நான். ஒரு முதியவரிடம், “தூரமாகப் போங்கள், இன்னும் தூரமாக!” என்று வழியும் காட்டினேன். எனக்குள் ஒரு தலைமைத்துவம் இருந்ததை அன்றுதான் கண்டுகொண்டேன்.

பொலிஸ் வந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். சூரிச் ரயில் அடுத்த மேடையிலிருந்து புறப்பட்டுப் போவதைக் குளிரில் நின்று பார்த்தேன். உயிர் தப்பியதே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போன பொலிஸ்காரப் பெண் சிறிது நேரத்தில் வெளியே வந்து, நடத்துநரிடம் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“ஒரு சூட்கேஸ். அதற்குள்ளிருந்துதான் சத்தம். கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.”

உலகத்தில் எத்தனையோ பேர் சங்கிலி போடுவார்கள் என்று எனக்கு நானே சொன்னேன்.

“ஊதா நிறம். முன்பக்கத்தில் வெள்ளையில் மூன்று கோடு. ஏதோ அடையாளக் குறி போலிருக்கிறது.”

அவ்வளவுதான். கோப்பை என் கையிலிருந்து விழுந்தது.

நான் செய்யவேண்டியது ஒரேயொரு வசனம் பேசுவது. வாய் திறக்கவில்லை. மேடை நிறைய ஆட்கள். எல்லாருக்கும் அடுத்த ரயில் தவறிவிட்டது. எல்லாரையும் தூரமாகப் போகச் சொன்னவள் நான். கடவுச்சீட்டு என் கழுத்தில் தொங்கும் பையில் இருந்தது. உடுப்புகள்தானே, போனால் போகட்டும், இப்படியே படியிறங்கி அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு குரல் சொன்னது. உண்மையில் இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பொலிஸ்காரப் பெண்ணின் கண் கூட்டத்தைத் தடவிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றது. அந்த இளைஞரின் நெற்றியில். அங்கேயும் வெள்ளையில் மூன்று கோடு.

“நீங்கள். கொஞ்சம் இப்படி வாருங்கள். அது உங்களுடையதா?”

அவர் லாப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நைன், நைன். நாட் மைன் மேடம். ப்ளீஸ்.” பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். இன்னொரு பொலிஸ்காரர் அவருடைய விசா அட்டையைக் கேட்டார். அதை எடுக்கப் போன அவருடைய கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கம். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் பார்த்த நடுக்கம்.

“அது என்ரை!” என்று கத்தினேன்.

தமிழில் கத்தியிருக்கிறேன். அங்கே அது புரிந்தது ஒரேயொருவருக்குத்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பிறகு ஜெர்மனில் சொன்னேன். கூட்டம் எனக்கு வழிவிட்டு விலகியது. நான் தூரமாகத் துரத்திய முதியவர், “எரிகிற மணம் வந்ததாகச் சொன்னது இந்தப் பெண்தான்,” என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

“சாவி எங்கே?” என்றார் பொலிஸ்காரப் பெண்.

சாவி பத்திரமாக இருந்தது. கழுத்துப் பைக்குள். அது உள்ளாடைக்கும் இரண்டு ஸ்வெட்டர்களுக்கும் ஒரு குளிர்ச்சட்டைக்கும் அடியில். ஸ்டுட்கார்ட் பிரதான நிலையத்தில், பொலிசும் தீயணைப்புப் படையும் ஒரு ரயில் நிறையப் பயணிகளும் பார்த்துக்கொண்டு நிற்க, வெங்காயம் உரிப்பது போல நான் என்னை உரித்தேன். அவரோடு உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றினேன். உடுப்புகளுக்கு நடுவே, குடையின் கைப்பிடியில் கயிறு மாட்டி ஊசி கழன்றுபோய், அண்ணாவின் பரிசு அலறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்து, பக்கத்திலிருந்த சின்ன விசையை அமர்த்தினார். சத்தம் நின்றது.

“நன்றாக வேலை செய்கிறது,” என்றார்.

என்னிடம் விபரம் எழுதி எடுத்தார்கள், நன்றாக ஏசினார்கள், விட்டுவிட்டார்கள். நான் மேடையிலிருந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அந்த இளைஞர் வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏங்க, பூட்டெல்லாம் பலமாதான் போட்டிருந்தீங்க,” என்றார். பெயர் பிரபு. திருச்சிக்காரர். ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. “என் விசா, வேலை, கல்யாணம் எல்லாம் கண்ணு முன்னாடி போயிடுச்சுங்க. நீங்க கத்தலைன்னா நானே ஆமா என்னுதுதான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். அவ்ளோ பயம்.”

“நான் வீட்டை திரும்பிப் போறன்,” என்றேன்.

“எங்க போயிட்டிருந்தீங்க?”

“ஜெனோவா. கடல் பாக்க.”

“அப்ப போங்க. இதுக்கு மேல என்னங்க ஆயிடப் போகுது?”

அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தேன்.

“எல்லாரும் இறங்கி ஓடினவையோ?” என்றார்.

“ஓம்.”

“பொலிசும்?”

“பொலிஸ் எங்களைத் தள்ளி நிக்கச் சொன்னது.”

பிறகுதான் தெரிந்தது, அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ரயில் பற்றிய ஒரு பேச்சில் அம்மா சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. “நாங்கள் பொலிசைக் கண்டு ஒளிச்சம். நீ பொலிசைக் கூப்பிட்டுக் கூத்துக் காட்டியிருக்கிறாய். சரி, இவ்வளவு தூரம் போயிட்டாய். போய்ப் பாத்திட்டு வா.”

போனேன். அடுத்த சூரிச் ரயிலில், சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு. கடலோர ஊர்களில் மழை. பாதி ஹோட்டல்களின் ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன. எல்லா இடத்திலும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வெளியே வரும் ரயிலில், ஒவ்வொரு சுரங்கத்தின் முடிவிலும் சாம்பல் நிறத்தில் திடீரென்று கடல் நிற்கும். பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லாததால் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு “ஐயோ” என்றேன். நீஸ் வரைக்கும் ஒருவரும் என்னை ஆற்றை பிள்ளை என்று கேட்கவில்லை.

பிரபுவும் மனைவியும் இப்போது எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. வருடத்துக்கு ஒரு தடவையாவது வுப்பர்டாலுக்கு வருவார்கள். அம்மா இடியப்பம் அவிப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா, “பிரபு, அந்தக் கதையைச் சொல்லுங்கோ,” என்பான். பிரபுவின் கதையில் இப்போது இரண்டு மோப்பநாய்கள் சேர்ந்துவிட்டன. போன முறை ஒரு ஹெலிகாப்டரும் வந்தது. அம்மா திருத்துவதில்லை, ஹெலிகாப்டர் என்ன நிறம் என்று கேட்கிறார்.

அவர்களுடைய மகளுக்கு நாலு வயது. கடந்த தடவை அவர்கள் வந்தபோது நான்தான் கதவைத் திறந்தேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உள்ள வாங்கோ குஞ்சு,” என்றேன்.

அவள் அசையவில்லை. அப்பாவைப் பார்த்து ரகசியமாக, ஆனால் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்:

“அப்பா, இது அந்த அலாரம் அத்தையா? இப்ப நாம ஓடணுமா?”