தண்ணீரில் முங்கப்போன விரால்

மீன் கடைக்குப் போய், அத்தனை மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற பிறவி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் செவுள் டீச்சர்.

எழுபதுகளின் கடைசியில் சமயநல்லூர்ப் பக்கம் நான் தமிழ் வாத்தியார், அவர் விலங்கியல் டீச்சர். ஆசிரியர் அறையில் யாராவது கொட்டாவி விட்டால் போச்சு. "கோடையில விடியக்காலம் கெண்டை மேல வந்து இப்பிடித்தான் சார் வாயப் பொளக்கும். ராத்திரி பூராம் பாசியும் சேந்து மூச்சு விட்டா, தண்ணியில காத்து எம்புட்டு மிஞ்சும்?" என்று ஆரம்பித்துவிடுவார். நாங்கள் கொட்டாவியை மென்று விழுங்கப் பழகிக்கொண்டோம்.

எங்கள் எச்.எம்.முக்கு அவருடைய லேப் மேல் ஒரு கண். சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தோதான இடமாம். "மதுரை அறிவியல் கண்காட்சியில ஒரு பரிசு வாங்குங்க டீச்சர். இல்லேன்னா லேப மறந்துருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என் கொட்டாவியைக்கூட டீச்சர் கவனிக்கவில்லை.

கண்காட்சியன்று ஒரு முரட்டு விராலை வாளியில் போட்டு, ஈரத்துணியால் மூடி பஸ் ஏற்றினார். நானும் எச்.எம்.மும் துணை. பாதி வழியில் விரால் ஒரே துள்ளு. நேரே எச்.எம். மடியில்!

"டீச்சரக்கா, இதுக்கு டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"மடியில வர்ற பிள்ளைக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு?"

கண்காட்சியில், கொதிக்க வைத்து மூடி ஆறவைத்த தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் பாதிவரை ஊற்றி, முதலில் ஒரு கெண்டையை விட்டார். காற்றில்லாத தண்ணீர். கெண்டை செவுளைப் படபடவென்று அடித்தபடி மேலே வந்து வாயைப் பிளந்தது. உடனே அதை நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட்டு விராலை விட்டார். அது பண்ணையார் மாதிரி அசையாமல் கிடந்தது. நடுவர்கள் வர நேரமிருந்ததால், எச்.எம்.மைக் காவல் வைத்துவிட்டு நானும் டீச்சரும் சாப்பிடப் போனோம்.

அங்கேதான் வந்தது வினை. மறுபடி மடியில் துள்ளிவிடுமோ என்று எச்.எம்.முக்குப் பயம். பாதித் தண்ணீரில் கிடக்கிறதே என்று இரக்கம் வேறு. மிச்சமிருந்த ஆறிய தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, மேலே கண்ணாடிப் பலகையைப் போட்டு, அதன்மேல் கையையும் ஊன்றி நின்றுவிட்டார்.

திரும்பி வந்த டீச்சர் போட்ட சத்தத்தில் மண்டபமே அதிர்ந்தது. "அய்யய்யோ, விராலு முங்கிச் சாகுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்நேரம் பார்த்து நடுவர்களும் வந்து நின்றார்கள். "மீனு தண்ணியில முங்குமா? வெயிலு ஒத்துக்கலையாம்மா?" என்றார் ஒருவர்.

டீச்சர் காதில் எதுவும் விழவில்லை. விரால் மல்லாந்து கிடந்தது. எச்.எம்.மை ஒரு தள்ளு தள்ளினார். பலகையைத் தூக்கிப் போட்டார். டிபன் பாக்ஸால் தண்ணீரை வாரி இறைத்ததில் பாதி எச்.எம். வேட்டிக்கே போனது. விராலை ஏந்தி, வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "இழுடா... மூச்ச இழுடா என் ராசா."

நான் கும்பிடாத சாமி இல்லை.

ளொப்!

காற்றை ஒரு வாய் விழுங்கியது விரால். இன்னொரு வாய். அப்புறம் வாலால் டீச்சர் முகத்தில் ஓர் அறை. விசில் பறந்தது.

"விராலுக்குச் செவுளுக்கு மேல ஒரு அறை இருக்கு சார். மேல வந்து காத்த முழுங்கி அதுல வச்சுக்கிரும். அதான் கம்மாத் தண்ணி கெட்டாலும் தாக்குப்பிடிக்கிது. ஆனா வெறும் செவுள நம்பி அதால பொழைக்க முடியாது. மேல வர்ற வழிய அடச்சா முங்கித்தான் சாகும்."

"அப்ப மூடி வச்சதும் செய்முறைதானா?" என்றார் நடுவர்.

டீச்சர் நனைந்து நின்ற எச்.எம்.மைப் பார்த்தார். "ஆமா சார். எங்க எச்.எம். ஐடியா."

முதல் பரிசு! சொட்டச் சொட்ட மேடையேறி அதை வாங்கியவர் எச்.எம்.தான்.

திரும்பும்போது ஊர்க் கண்மாயில் விராலை விட்டோம். "லேபு என்னைக்கும் ஒங்களுக்குத்தான் டீச்சர்" என்றார் எச்.எம். டீச்சர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் ளொப் என்றது.

அப்போதுதான் டீச்சர் மூச்சு விட்டார். அவர் விட்ட பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.