ஒட்டவும் கூடாது, விழவும் கூடாது

“எப்பா, மீன் காந்தத்துல ஒட்டப்படாது. கிட்டக்கப் போயி அந்தரத்துல நிக்கணும்.”

“நிக்க மாட்டேங்குதேளா! ஒண்ணு போய் அப்பிக்கிடுது, இல்லன்னா செத்ததுபோலத் தொங்குது.”

மகாராஜன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த மீனை மறுபடியும் நூலில் கட்டினார். மாப்பிள்ளையூரணியில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர். ஒரே மகள் அனுசியா நாசரேத்தில் ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட், தொங்கும் காந்தச் சிற்பம். நடுவில் காந்தம் தொங்க வேண்டும். சுற்றிலும் தகர மீன்கள் அதைப் பார்த்துச் சாய்ந்து, தொடாமல் நிற்க வேண்டும். பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுத்தால் பெற்றவர்கள் செய்வதுதானே ஊர் வழக்கம்!

மனைவி உமாராணி இருந்தால் ஒரு பொழுதில் முடித்திருப்பாள். அவள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் அவள் பொறுப்பில் விட்டிருந்த மனுஷன் இவர். சாயங்காலம் வார்டன் போனிலிருந்து மகள் கூப்பிட்டால், “சாப்பிட்டியா? சரி, வை.” அவ்வளவுதான் வரும். அப்புறம் விடிகிறவரை வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். இப்படியே போனால் பிள்ளை ஒருநாள் கூப்பிடுவதையே விட்டுவிடுவாளோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். ஆகவே இந்த மீன் விஷயத்தில் அவர் தோற்க முடியாது.

“பெரிய காந்தமாப் பாருங்கப்பா” என்றாள் அனுசியா.

லாரி டிரைவர் பேச்சிமுத்து பழைய ஸ்பீக்கரை உடைத்து ஒரு காந்தம் கொண்டுவந்தான். “அண்ணாச்சி, இது மீனை என்ன, துறைமுகத்துல நிக்க கப்பலையே இழுக்கும்.”

கல்லாவுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டார். மீன்கள் சடசடவென்று போய் அப்பிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து, சீரகம் வாங்க வந்த இசக்கியம்மாள், “என்ன அண்ணாச்சி, மீன்கடையும் போட்டாச்சா?” என்று குனிந்து பார்த்தாள். அவள் தாலிக்கொடியில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு கிடக்கும். அந்தக் கொத்து தானாக எழும்பி டொக்கென்று காந்தத்தில் ஒட்டியது.

“ஐயோ, என் தாலி எந்திரிக்கே!”

“தாயி, அசையாம நில்லு!”

“எப்படி அசைய? கட்டுனவரு உப்பளத்துல நிக்காரு, தாலி இங்கன உங்க கடையில தொங்குது!”

தெரு கூடிவிட்டது. ஒருத்தி விஷயம் புரியாமல் குலவை போட்டாள். இன்னொருத்தி அவர் கடையிலேயே சூடம் வாங்கி அவர் கடைக்கே ஏற்றினாள். பிடித்து இழுத்ததில் தாலி வந்தது, கூடவே காந்தமும் வந்து மகாராஜனின் கால் பெருவிரலில் விழுந்தது.

அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் அனுசியா சிரித்த சிரிப்பில் வார்டனே அதட்டினார். உமாராணிக்கும் இதே சிரிப்புதான். போனை வைத்த பிறகுதான் இவ்வளவு நேரம் பேசியது தானா என்று மகாராஜனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நூலை நீட்டினார், சுருக்கினார், காந்தத்துக்குத் துணி சுற்றினார். ஒருவழியாக மீன்கள் விரல் நுழையும் இடைவெளியில் நின்றன.

“முடிஞ்சிட்டுளா!”

அனுசியா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

“எப்பா... டீச்சர் ஆறு மீன் வேணும்னாவ.”

ஆறு மீன் கட்டினார். நூலெல்லாம் சிக்கிக்கொண்டது. பிரித்து முடித்தால், “நடுவுல ஒரு முத்துச்சிப்பி வேணுமாம்பா.” சிப்பி எந்தக் காந்தத்துக்கு மசியும்? அதன் முதுகில் ஆணியை ஒட்டினார். சிப்பி பாய்ந்து இரண்டு மீனை நசுக்கியது.

“உங்க டீச்சருக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று கத்தினார். கத்தினாலும் மறுநாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு போனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒருநாள் சிப்பியும் அடங்கி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்லாமலே சிற்பத்தோடு பஸ் ஏறினார். நாசரேத் வந்தது, காந்தம் வரவில்லை. சீட்டுக் கம்பியைக் கவ்விக்கொண்டு நின்றது.

கண்டக்டர் பொறுமை இழந்தார். “அண்ணாச்சி, நீரு எறங்கும். பஸ்ஸை விட்டுட்டு எறங்கும்!”

காலை ஊன்றி இழுத்ததில், ஹாஸ்டல் வாசலுக்கு வரும்போது கையில் இருந்தது காந்தமும் ஆறு மீனும் ஒரு சிப்பியும் சேர்ந்த தகர உருண்டை. பிள்ளைக்கு மார்க் போய்விடுமே என்று ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. இதைக் கொடுத்துவிட்டால் ப்ராஜெக்ட் முடிந்தது. நாளைச் சாயங்காலம் போனில் என்னத்தைப் பேசுவது?

அனுசியாவின் அறைத்தோழி ஜெப்ஸி ஓடி வந்தாள். “அனு குளிக்கா அங்கிள், இப்ப வந்திருவா. அது என்ன கையில?”

“ப்ராஜெக்ட்டும்மா. வழியில நசுங்கிட்டு. உங்க டீச்சரை ஒருதரம் கூப்பிடு, எம்பிள்ளை மேல தப்பு இல்லன்னு நானே சொல்லிருதேன்.”

ஜெப்ஸி முழித்தாள்.

“எங்க கிளாஸ்ல யாருக்கும் ப்ராஜெக்ட்டே குடுக்கலியே அங்கிள்! ஐயோ, அப்ப இது முடிஞ்சிட்டா? இது முடிஞ்சா நீங்க மறுபடியும் ‘சாப்பிட்டியா, சரி வை’ன்னுருவீங்கன்னு, அனு அடுத்து எரிமலை கேக்கலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கா!”