தவணை முறையில் பூந்தி

நாய் வளர்க்கிறவர்கள் தங்கள் நாயைப் பற்றி எல்லாவற்றையும் சொல்வார்கள். கை கொடுக்கும் என்பார்கள், நாம் அழுதால் பக்கத்தில் வந்து படுக்கும் என்பார்கள். அது குட்டியாக இருந்தபோது தன் பீயைத் தானே தின்றது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நானும் மூடி மறைக்கத்தான் பார்த்தேன். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும், கூடவே ஒரு பாதிரியாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கொட்டியிருந்த மணலில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. வேலை முடிவதற்குள் மணலும் தீர்ந்தது, குட்டிகளையும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒன்று. மஞ்சள் நிறம், உருண்டை உடம்பு. பூந்தி என்று பெயர் வைத்தேன். (தின்பண்டத்தின் பெயரை வைத்ததால்தான் அது கண்டதையும் தின்கிறது என்பது என் மனைவி ஸ்டெல்லாவின் கட்சி.)

குடியேறிய முதல் வாரத்திலேயே பூந்தி தோட்டத்தில் உட்கார்ந்து வேலையை முடித்து, திரும்பி, முகர்ந்து, நான் "ஏய்!" என்பதற்குள் சாப்பிட்டும் முடித்தது. பிறகு ஓடி வந்து அன்போடு என் கன்னத்தை நக்கியது. ஸ்டெல்லா சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டையும் பார்த்துவிட்டாள். அன்று அவள் என்னைச் சோப்புப் போட்டு முகம் கழுவச் சொன்ன தொனியை எந்த மனைவியிடமும் எந்தக் கணவனும் கேட்கக் கூடாது.

"ஃபாதர் வந்து புது வூட்ட மந்திரிக்கிற அன்னிக்கு எங்க அப்பா வருவாரு. அதுக்குள்ள இந்தப் பழக்கத்த நிறுத்துங்க. இல்லன்னா அது அவரு கூட முகையூருக்குப் போவட்டும்" என்றாள்.

முகையூரில் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் பன்றி வந்து கிளறிவிடுகிறது என்று மோட்டார் கொட்டகையில் கட்டிப்போட ஒரு நாய் தேடிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனிதர்தான், கஞ்சி ஊற்றுவார். ஆனால் என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிற பூந்தி, ஆள் அரவமில்லாத கழனியில் சங்கிலியோடு தனியாகக் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை அனுப்பவே கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் விழுப்புரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கிரானைட் வாங்க வந்தவரை டைல்ஸ் வாங்க வைத்து அனுப்புகிற வாய் எனக்கு. ஒரு நாய்க்குட்டியை வழிக்குக் கொண்டுவர முடியாதா என்ற திமிர் இருந்தது.

அதன் மேல் மிளகாய்த்தூள் தூவினால் வாயே வைக்காது என்றார் கடையில் ஒருவர். தூவினேன். பூந்தி ஒரு தும்மல் போட்டுவிட்டு, இதுநாள்வரை உப்பு காரம் இல்லாமல் சாப்பிட்டோமே என்கிற மாதிரி நக்கி முடித்தது. சாப்பாட்டில் அன்னாசிப் பழம் கலந்தால் பிறகு அந்த ருசி நாய்க்குப் பிடிக்காது என்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது. கலந்தேன். போகும்போதும் பிடித்தது, வரும்போதும் பிடித்தது.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுச் சிரித்தார். "குட்டிங்க பண்றதுதான் சார், வளந்தா விட்டுடும். அது போனவுடனே பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஓடியாந்தா கையில எதனா திங்கக் குடுங்க. அந்த கேப்புல சுத்தம் பண்ணிடுங்க."

டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் நாய்களுக்கென்றே இருக்குமே பொறை ரொட்டி, அதை ஒரு பை நிறைய வாங்கினேன். பூந்தி உட்காரும், முடிக்கும். "பூந்தீ!" என்பேன். ஓடி வந்து என் எதிரில் உட்காரும். ஒரு துண்டு பொறை. மொறு மொறு. என்ன ஆச்சரியம், தின்பது நின்றேவிட்டது! ஸ்டெல்லா முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆனால் பூந்தி இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. போனால் பொறை. அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போய் ஏன் நஷ்டப்பட வேண்டும்? கொஞ்சமாகப் போகும், வந்து உட்காரும், பொறை வாங்கும். மறுபடி கொஞ்சம் போகும். எங்கள் கடையில் கூட இவ்வளவு சுலபத் தவணை கிடையாது. அதுவும் நான் பார்க்கிற இடத்தில்தான் போகும், சாட்சி வேண்டுமல்லவா? பொறை வரத் தாமதமானால் ஒரு முறை என்னைப் பார்க்கும், ஒரு முறை அதைப் பார்க்கும். நீ கொடுக்காவிட்டால் எனக்கு என் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தவணை விஷயம் ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் இருக்க என் சட்டைப் பையில் எப்போதும் பொறை வைத்திருந்தேன்.

வீடு மந்திரிக்கும் நாள் வந்தது. மாமனார் முகையூரிலிருந்து வேனில் சனத்தோடு வந்து இறங்கினார், கையில் புதுச் சங்கிலி. மாமியார் முட்டி வலிக்காரர். பல வருடங்களாகக் கோயிலில் கூட நாற்காலிதான். "புது வூட்ல முட்டி போட்டு ஒரு ஜெபம் சொல்ல குடுத்து வைக்கல பாருங்க மாப்ள" என்று வந்ததும் வராததுமாகக் கண் கலங்கினார். நான் பூந்தியைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். (யாரோ கை கழுவப் போனவர்கள் திறந்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

ஹாலில் மேசை மேல் சிலுவை, மெழுகுவர்த்தி, தீர்த்தம், ஃபாதருக்கென்று ஒரு தட்டில் பிஸ்கட். ஃபாதர் மேசையைப் பார்த்து நின்று மாதா பிரார்த்தனையைத் தொடங்கினார். மாமியார் நாற்காலியில், மற்ற எல்லோரும் முட்டி போட்டுத் தலை குனிந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆம்பிளைகள் வரிசையில் வாசலோரம். அப்போதுதான் பார்த்தேன். பூந்தி நடுவில் இருந்த சந்து வழியாக வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாக முன்னால் போகிறது. ஃபாதரின் அங்கிக்குப் பின்னால் உட்கார்ந்தது. ஒரு சின்னத் தவணை. திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஒழுங்காக உட்கார்ந்தது.

என்னைப் பார்த்தது. அதைப் பார்த்தது.

எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். போகாவிட்டால் மாமனார் கண் முன்னாலேயே தின்னும், சாயங்காலம் வேனில் ஏறிவிடும். முட்டியாலேயே நகர்ந்தேன். நானே தேர்வு செய்த பளபளப்பு டைல்ஸ், பட்டுக்கரை வேட்டி, வழுக்கிக்கொண்டு போக வசதியாக இருந்தது. பாதி தூரத்தில் பின்னால் ஒரு விம்மல் கேட்டது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் வேளாங்கண்ணியில் முட்டியால் நடப்பார்கள், அது பெரிய வேண்டுதல். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

"பாருடி, மாப்ள என் முட்டிக்காகத்தான் போறாரு! பெத்த புள்ள கூட பண்ணலியே" என்று மாமியார் தங்கச்சியிடம் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. அடுத்து நாற்காலி நகரும் சத்தம். அவர் இறங்கி முட்டி போட்டுவிட்டார். போட்டதோடு நிற்காமல் என் பின்னாலேயே வந்தார். அவரைப் பிடித்துக்கொள்ள மாமனார். அவருக்குப் பின்னால் சித்திகள், அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ. என் வீட்டு ஹாலில் ஒரு யாத்திரையே கிளம்பிவிட்டது.

நான் முன்னால் போய்ச் சேர்ந்து, கைக்குள் மறைத்துப் பொறையைக் கொடுத்தேன். பூந்தி கடித்தது. மொறுக். "தாவீதின் உப்பரிகையே" என்று பிரார்த்தனையில் அடுத்த வரியைச் சொன்ன ஃபாதர் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தார். நான் அந்தத் தவணையின் மேல் வேட்டியை விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது பூந்தி என் பின்னால் வந்து நின்ற கூட்டத்தைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் தன்னைத் தேடி முட்டி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்! ஒவ்வொருவரிடமும் பொறை இருக்காதா? மாமியாருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, எல்லோர் முன்னிலையிலும், அடுத்த தவணையைச் செலுத்தியது.

ஜெபம் நின்றது. என் பை காலி. பூந்தி என்னைப் பார்த்தது, அதைப் பார்த்தது, குனிய ஆரம்பித்தது.

"ஐயோ, யாராவது ஒரு பிஸ்கட் குடுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

ஃபாதர்தான் திரும்பி, தன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். பூந்தி வாங்கிக்கொண்டது. "இப்ப சொல்லுங்க" என்றார் என்னிடம். முட்டி போட்டபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்தேன். வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவள் தோள் குலுங்கியது. பிறகு ஹாலே குலுங்கியது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் முட்டிக்காக வரலியா நீங்க?"

"இல்லைங்க அத்தை" என்றேன். செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். தரையில் ஊன்றியிருந்த முட்டியைத் தடவினார். "எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா, நான் இப்பிடி முட்டி போட்டு?" என்றார். "நீங்க யாருக்காக வந்தா இன்னா மாப்ள? நான் எறங்கிட்டேன் இல்ல?" பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "அந்தச் சங்கிலிய வேன்ல கொண்டுபோய்ப் போடு. இந்தக் குட்டி இங்கியேதான் இருக்கும். பன்னிக்கு வேற நாயப் பாரு."

ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பூந்தியின் மேலும் கொஞ்சம் தெளித்தார், தேவைப்படும் என்று. (மாமியாரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

மருத்துவர் சொன்னபடி வளர்ந்ததும் பூந்தி அந்தப் பழக்கத்தைத் தானாகவே விட்டுவிட்டது. விடாதவர் மாமியார்தான். முட்டி வலி கூடினால் மாத்திரை போடுவதற்கு முன்னால் முகையூரிலிருந்து எனக்குத்தான் போன் வருகிறது.

"மாப்ள, இன்னிக்கு ரொம்ப பேஜாரா கீது. பூந்திக்கு ஒரு பொறை போடுங்க."

"போட்டுட்டேங்க அத்தை."

"நின்னுக்கினே போட்டீங்களா?"

ஸ்டெல்லாவின் கையில் இப்போது வீடியோ கால். திரையில் அத்தைக்குப் பின்னால் சித்திகள் எட்டிப் பார்க்கிறார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி போடுகிறேன்.