என்கோடரும் எதிர் வீடும்

சிட்டிபாபுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்கோடர் தட்டு செய்தே தீருவது என்று போன திங்கட்கிழமை சபதம் எடுத்தேன்.

சிட்டிபாபு எதிர் வீடு. இரும்புலியூரில் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பதினோரு வருடம் முன்பு ஒரு காதுகுத்துப் பந்தியில் என்னைக் காட்டி, "பாலகுருவுக்கு அஞ்சாங் கிளாஸுக்கு மேல கணக்கு வராது" என்றான். பாதிப் பாயசத்தில் எழுந்தவன்தான் நான். இன்றுவரை பேச்சு கிடையாது. அந்தப் பாயசத்தையும் நான் மறக்கவில்லை.

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள் என் மனைவி சரளா.

"இன்னாங்க அது, அப்பளம் மாதிரி?"

"என்கோடர்."

"உங்க கோடர்னு தெரியுது. எதுக்கு?"

எனக்கே அது ஆச்சரியம்தான். லேத்தின் தண்டு சுற்றும்போது இந்த அலுமினியத் தட்டும் கூடவே சுற்றும். ஓரமெல்லாம் வெட்டு. ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் ஒரு கண். வெட்டு வந்தால் வெளிச்சம், பல் வந்தால் இருட்டு. அதை எண்ணியே தண்டு எவ்வளவு திரும்பியது என்று ஒரு பெட்டி சொல்லிவிடும். அஞ்சாங் கிளாஸ்கூடப் படிக்காத பெட்டி.

"மொத்தம் அறுபது வெட்டு. எல்லாம் ஒரே இடைவெளி. ஒண்ணு தப்பினாலும் போல்ட்டுல வெட்டற மரை தப்பும்" என்றேன்.

அறுபத்திரண்டு வயதில் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். முதல் தட்டில் கடைசியாக அரைப் பல் மிஞ்சியது. இரண்டாவதில் அறுபத்தொன்று. மூன்றாவதை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"எண்பத்திரண்டு, எண்பத்திமூணு..."

"ஆரம்பிச்ச இடத்தைத் தாண்டி ரெண்டாவது சுத்து போறீங்க."

"எண்ணும்போது பேசாதே."

"எதிர் வூட்ல ஒரு வார்த்தை கேட்டா இன்னா?"

"என் பொணம்கூட கேக்காது."

"பொணத்துக்கு எதுக்கு லேத்து?"

புதன்கிழமை சாயங்காலம், ரவிக்கை தைக்கும் டேப்போடு வந்தாள்.

"தட்டோட சுத்தளவு சரியா அறுபது சென்டி வர்ற மாதிரி கடைங்க. இதை ஓரத்துல சுத்தி ஒட்டுங்க. சென்டிக்கு ஒரு வெட்டு."

கடைந்தேன். ஒட்டினேன். வெட்டினேன். முதல் பல்லில் அவளே ஒரு பொட்டு வைத்தாள். எண்ணினேன். அறுபது. லேத்தை ஓட்டினால், பெட்டி ஒரு சுற்றைக்கூடத் தவறவிடவில்லை.

ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்க வூட்டு மூளை எவனுக்கும் வராது. சரளா, எப்படிடி தோணிச்சு?"

"எனக்கு எங்க தோணும்? சிட்டிபாபு அண்ணன் சொன்னாரு."

ஜன்னலைச் சாத்தினேன்.

"நீ போய்க் கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? நீங்க கேட்டுட்டு வரச் சொன்னதாத்தான் சொன்னேன். மனுஷன் கண்ணே கலங்கிட்டாரு. காபிக்கு வராரு, சட்டையைப் போட்டுக்குங்க."