செத்த காலேஜ் பக்கத்தில் ஒரு ரூம்

அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். நான், என் மனைவி சுமதி, ஏழாவது படிக்கும் மகள் யாழினி, சுமதியின் அக்கா புருஷனான என் சகலை. இன்னொருவரும் உண்டு. அவர் இறந்து ரொம்ப காலம் ஆகிறது. எல்லாம் அவரால் வந்ததுதான்.

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு லாட்ஜில் நான் மேனேஜர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு படித்தவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரூம் கிடைக்காமல் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நிற்கிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து, வெளியூர் என்றாலே நமக்கும் இதே கதிதான் என்று முடிவுகட்டிவிடுவேன். (இதோ இருக்கிற கீழ்பென்னாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட, படுக்க இடம் இருக்கா என்று கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.)

யாழினிக்குச் சென்னை மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்தே ஆகவேண்டும். சகலை கூட்டிப்போவதாகச் சொன்னார். அவருக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை. அவர் என்னை "தம்பி" என்று கூப்பிட்டால் அதிலேயே ஐயோ பாவம் என்கிற தொனி கேட்கும். அதைத் தாங்க முடியாமல், ரூமும் சாப்பாடும் என் பொறுப்பு, அது என் தொழில் என்று வாயைக் கொடுத்தேன். அவர் சிரித்தார். நான் உலகத்தில் உருப்படியாகச் செய்யும் ஒரே காரியம் ரூம் விஷயம். அதிலும் கோட்டைவிட்டால் அவர் முன்னால் நிமிர்ந்து நிற்க எனக்கு வேறெதுவும் இல்லை.

எங்கள் லாட்ஜில் தங்கிய ஒருவர் கொடுத்த சென்னை நம்பருக்கு போன் போட்டேன். மியூசியம் என்கிற வார்த்தை என் வாயில் ஒருநாளும் நேராக வந்ததில்லை. மிசியம் என்று வரும். சகலை வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால் அப்பா காலத்து வார்த்தைக்குத் தாவினேன். அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்களுக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் மிருகக்காட்சி சாலை என்றால் உயிர் காலேஜ், மியூசியம் என்றால் செத்த காலேஜ்.

"செத்த காலேஜ் கிட்டக்க ஒரு ரூம் வேணுங்க. நாலு பேரு. பொண்ணு பாத்தே ஆவணும்னு ஒரே அழுவை" என்றேன்.

 அந்தப் பக்கத்திலிருந்து மிக மெதுவாக, "வாங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றது குரல். மெட்ராஸில் இவ்வளவு மரியாதையா என்று அசந்துபோனேன்.

லாட்ஜ் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தெருவில் இருந்தது. சகலை ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க, நான் முதலில் உள்ளே போனேன். திருநெல்வேலிப் பக்கத்து மேனேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். (நான் யார் கையையும் பிடித்ததில்லை. சாவியை நீட்டுவதோடு சரி.)

"பெருசா அண்ணாச்சி?"

மியூசியத்துக்கு வருகிறவர்கள் வேறெதைப் பார்க்க வரப்போகிறார்கள்? திமிங்கலத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ரொம்பப் பெருசுங்க."

"கடைசில எலும்பும் தோலுமா கெடந்திருப்பாவ."

"தோலெல்லாம் ஏதுங்க. வெறும் எலும்புதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டார். பார்ப்பதோடு சரி, அதற்கே சாயங்காலம் மூடிவிடுவார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி, ஆயிரத்து நானூறு ரூபாய் ரூமுக்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். பெட்டியோடு உள்ளே வந்த சகலையிடம், தொழில் பழக்கத்துக்காகப் பாதி வாடகை என்று மிதப்பாகச் சொன்னேன். முதல் முறையாக என்னை மதிப்போடு பார்த்தார். (சாப்பாட்டு நேரம் வரைக்கும் தாங்கியது.)

மாடி வராந்தாவில் பக்கத்து ரூம் அக்கா ஒருவர், காலி ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தார். புருஷனுக்குத் தலையில் ஆபரேஷன், இன்னும் கண் திறக்கவில்லை என்றார். அப்படிப்பட்டவர் சுமதியின் கையைப் பிடித்து, "அழுதுடும்மா. உள்ளயே வெச்சிக்காத" என்றார். பஸ் அலுப்பில் இருந்த சுமதி எதற்கென்று தெரியாமலே "சரிக்கா" என்றாள். யாழினிக்கு இரண்டு வாழைப்பழம் கிடைத்தது.

கீழே மெஸ்ஸில் எல்லா இலைக்கும் அப்பளம், பாயசம் வந்தது. எங்கள் நான்கு இலைக்கு மட்டும் ரசமும் மோரும். யாழினியின் முகம் தொங்கியது. சகலை பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டார். அவர் குனிந்து, "மேனேஜர் வெக்கக் கூடாதுன்னுட்டாருங்க. துக்கத்துல இருக்கீங்களாமே" என்றார்.

சகலை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, இங்க கால் வெச்சதுலேருந்து நீ இன்னா பேசின, ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. திருநெல்வேலிக்காரர் செத்த காலேஜை ஆஸ்பத்திரிப் பிணவறை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சுமதி இலைமேல் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. எதிரில் இருந்தவர் அதை அழுகை என்று நினைத்துத் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று சகலை எழுந்தார். அவர் கையைப் பிடித்தேன்.

"என்னைய ஊர் பூரா சொல்லிச் சிரிங்கண்ணா. இங்க வேணாம். அந்தக்கா தன் கஷ்டத்தை விட்டுட்டு வந்து நமக்குப் பழம் குடுத்தாங்க. ஒரு மீனுக்காகன்னு எப்பிடிச் சொல்றது?"

அவர் உட்கார்ந்தார். மோர்சாதத்தை நாலு பேரும் சாப்பிட்டு முடித்தோம். எங்கள் லாட்ஜுக்கு வருகிறவர்கள் மலையைச் சுற்றி வேண்டிக்கொள்ள வருகிறார்கள். எதற்காக என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. ரூமில் தண்ணீர் வருகிறதா என்பதோடு என் கவலை முடிந்துவிடும். அவர்கள் எதற்காக வேண்டுகிறார்கள் என்பது அந்த வராந்தாவில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தது.

சாயங்காலம் மியூசியத்தில் அந்த எலும்புக்கூட்டின் முன்னால் யாழினி வாயைப் பிளந்து நின்றாள். சகலை தலையைக் குனிந்து, "பெருசு நல்லா வாழ்ந்தவரு" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது பக்கத்து ரூம் அக்கா வாசல்படியேறி ஓடிவந்தார். "கண்ணத் தொறந்துட்டாரும்மா" என்று முதல் ஆளாகச் சுமதியிடம் சொன்னார். அப்போதுதான் சுமதி உண்மையாகவே அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரிடம் மிச்ச வாடகையை நீட்டினேன். தொடவே இல்லை. "காரியத்தை முடிச்சிட்டு அனுப்புங்க அண்ணாச்சி" என்றுவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் தவறிய சேதி வந்தாலும், சகலை என்னைப் பார்த்து "பெருசா?" என்பார். சாவு வீடு என்றும் பார்க்காமல் சுமதி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் ரூம் போடுகிற பொறுப்பை அவர் எனக்குத்தான் தருகிறார்.

பணத்தை போனிலேயே அனுப்பிவிடலாமே என்கிறாள் யாழினி. அனுப்பினால் அவர் கூப்பிடுவார். காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்பார். நான் என்ன சொல்வது? அந்தக் கவலையிலேயே போனை எடுக்கிறேன், வைக்கிறேன். நிற்கிறது இன்னும், எழுநூறு ரூபாய்.