கண்ணோரத்து வீக்கமும் அரை டாக்டரும்

மருத்துவம் படிக்கிறவர்களுக்கு மூன்றாவது வருஷத்தில் ஒரு வியாதி வரும். நாம் டாக்டராகிவிட்டோம் என்கிற நினைப்புதான் அது. பெரும்பாலோருக்குப் பரீட்சை முடிவு வந்ததும் தானே இறங்கிவிடும். எனக்கு மட்டும் நன்றாக முற்றி, மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் முன்னிலையில் வெடித்தது.

முப்பதுகளின் ஆரம்பம் அது. மாம்பலத்தில் புது வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். கண் வார்டில் எனக்கு மூன்று வாரப் பயிற்சி முடிந்திருந்தது. (அதில் ஒரு வாரம் எனக்கே கண்வலி ஒட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.)

என் அண்ணா கணேசனுக்கு மயிலாப்பூரில் ஒரு பெண் ஜாதகம் பொருந்தி வந்தது. பெயர் விசாலம். பெண்ணுக்கு வலது கண்ணோரம், மூக்கை ஒட்டி ஏதோ வீக்கம், கண்ணில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது என்று யாரோ அம்மா காதில் போட்டிருந்தார்கள்.

"நம்மாத்துலயே டாக்டர் இருக்கச்சே என்ன கவலை? மணி, நீ ஒரு பார்வை பாத்துச் சொல்லிடு" என்றாள் அம்மா.

நான் தலையை மட்டும் அசைத்தேன். பெரிய டாக்டர்கள் அதிகம் பேசமாட்டார்கள் அல்லவா?

பெண் பார்க்க ஜட்கா வண்டியில் தேனாம்பேட்டைத் தோட்டங்களைத் தாண்டிப் போகிற வழியெல்லாம் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினேன். கண்ணோரத்து வீக்கங்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதில் பயங்கரமான ஒரு படம் இருந்தது. அது போதும் என்று மூடிவிட்டேன்.

விசாலம் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு ஜமக்காளத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நான் இந்தக் கோடியில். அங்கிருந்தே கண்களைச் சுருக்கிப் பார்த்தேன். கண்ணின் உள்கோடிக்குக் கீழே சுண்டைக்காய் அளவு ஒரு மேடு. கண்ணில் ஈரம். அண்ணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

அம்மாவை வாசல் நடைக்கு அழைத்துப் போனேன்.

"அம்மா, இது சாதாரண வீக்கம் இல்லை. மூளையைச் சுத்தி இருக்கற உறை எலும்புச் சந்து வழியா இறங்கி வந்திருக்கு. கை வெச்சாலே ஆபத்து."

ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் என் ரகசியம் தெருக்கோடி வரை கேட்கும். உள்ளே காபி டம்ளர்கள் உருண்டன. கூடத்துக்கு ஓடினால், விசாலத்தின் அம்மா தட்டைக் கீழே விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூளையா? என் கொழந்தைக்கா?"

விசாலத்தின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் சொன்னார்: "இதுக்கு முன்னால மூணு எடத்துலேர்ந்து வந்தா. கண்ல தண்ணி நிக்கறதேன்னுட்டுப் போயிட்டா. ஆனா மூளைன்னு யாருமே சொல்லலை."

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்பது எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒற்றை வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன்.

விசாலம் எழுந்து நேராக என் எதிரே வந்து நின்றாள்.

"நீங்க இதைத் தொட்டுப் பாத்தேளா?"

"இல்லை."

"கிட்ட வந்தாவது பாத்தேளா?"

நான் ஜமக்காளத்தைப் பார்த்தேன்.

அவள் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். வீக்கத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். கண்ணோரத்துத் துளை வழியாகக் கெட்டியாக, வெள்ளையாக ஏதோ வந்தது. அதைத் துடைத்தாள். மேடு அமுங்கிவிட்டது.

"அஞ்சு வருஷமா தெனம் கார்த்தால இதான் பண்ணிண்டிருக்கேன்" என்று கைக்குட்டையை நீட்டினாள். "இதுல மூளை எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கோ."

வார்டில் முதல் நாளே புரொபசர் சொன்ன பாடம் அது. இப்படி வீக்கம் வந்தால் முதலில் அழுத்திப் பார். கண்ணோரத்தில் சீழ் வெளியே வந்தால், கண்ணீர்க் குழாய் அடைத்து, கண்ணீர்ப் பை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூளை விவகாரம் என்றால் பெரும்பாலும் கண்கோடிக்கு மேலே இருக்கும். மேலே, கீழே என்ற வித்தியாசத்தையெல்லாம் நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அவள் அம்மாவிடம் ஓடினேன். "மாமி, தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்கோ."

"போறது போ. அது மூளை இல்லைன்னு உன் வாயாலயே சொல்லிடு, அது போறும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பதற்றத்தில் நான் கத்தினேன்: "விசாலத்துக்கு மூளை இல்லை மாமி! நிச்சயமா இல்லை!"

முதலில் அண்ணா சிரித்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விசாலமும் சிரித்தாள். அவள் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்குச் சம்மதம்" என்றான் அண்ணா. "மணியை மட்டும் ஒண்ணும் கேக்காதே."

திரும்பும்போதும் அவன் சிரிப்பு நிற்கவில்லை. ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, பொண்ணு பாக்கப் போனீங்களா, கூத்து பாக்கப் போனீங்களா?" என்றார்.

மறு வாரம் எங்கள் கண் வார்டுக்கே விசாலத்தை அழைத்து வந்தார்கள். அந்தக் கண்ணீர்ப் பையை எடுத்துவிடலாம் என்ற புரொபசர், "மூளை என்று சொன்ன மேதை யார்?" என்றார். விசாலம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் அப்பாதான் வாத்தியார் பழக்கத்தில் விரலை நீட்டிவிட்டார். பயிற்சி முடிந்திருந்தும், அந்த மாதம் முழுக்க வார்டுக்கு வந்த அத்தனை கண்ணோர வீக்கங்களையும் அழுத்திப் பார்க்கும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. என் வெள்ளைக் கோட்டில் விழுந்தவற்றை நான் விவரிக்கப்போவதில்லை.

விசாலம் என் மன்னியானாள். மூக்கோரம் மெல்லிய தழும்பு மட்டும் மிஞ்சியது. கண் இன்னமும் லேசாகக் கலங்கும், சிரிக்கும்போதுகூட.

சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மன்னி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஏதோ சொன்னாள். பெண் அன்றைக்கு முழுக்கச் சிரித்தபடியே இருந்தாள். கல்யாணமான பிறகு, மன்னி என்ன சொன்னாள் என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"உடம்புக்கு எது வந்தாலும் இவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னண்ட வந்து சொல்லுன்னா."

மயிலாப்பூர் லஸ்ஸில் எனக்கு டிஸ்பென்சரி இருக்கிறது. சாயங்காலமானால் வாசலில் கூட்டம் நிற்கும். என் மனைவிக்கு ஜுரம் வந்து போன விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை மன்னி சொல்லித்தான் தெரியும்.